நாலு கிலோ அரிசியும் அரைக் கிலோ சர்க்கரையும்

எங்கள் வீட்டுக்குள் ஷாம்பூ பாட்டில் நுழைந்ததே கிடையாது. பாட்டிலாக வாங்குவதைவிட ஒரு ரூபாய் பாக்கெட்டைச் சரமாக வாங்கினால் அதே காசுக்கு அதிகம் கிடைக்கும். சும்மா சொல்லவில்லை. கடையில் நின்று, பாட்டிலின் முதுகில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் மில்லியைப் படித்து, மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். அன்றைக்குக் கடைக்காரர், "இன்னாக்கா, பரீட்சை எழுதுறியா?" என்று கேட்டார். எழுதியிருந்தால் பாஸாகியிருப்பேன்.

பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாங்கி வந்ததும் கத்தியால் நாலு துண்டு போட்டுவிடுவேன். முழுசாக வைத்தால் தண்ணீரில் ஊறியே பாதி போய்விடும். எண்ணெய் பாக்கெட்டை ஊற்றியதும் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அதைக் கத்தரித்துப் பிரித்து, சப்பாத்தி மாவை அதன்மேல் போட்டு நன்றாகப் புரட்டினால் ஒரு சொட்டு மிச்சமிருக்காது. காய்கறி என்றால் ஆவடி மார்க்கெட்டில் கடை கட்டுகிற நேரத்துக்குப் போவேன். காலையில் கூறு இருபது ரூபாய் என்றவன் அப்போது என்னைப் பார்த்ததும் பத்து என்பான். நான் பத்தைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் கிடக்கிற கொத்தமல்லியையும் சேர்த்து எடுத்துக்கொள்வேன். அவன் திட்டுவான். திட்டுக்குக் காசு கிடையாது.

திருநின்றவூரில் எங்கள் தெருவில் எனக்குக் கஞ்சம் என்று பேர். இருந்துவிட்டுப் போகட்டும். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் பத்தொன்பது வருஷம் சட்டையில் தொங்குகிற நூலைக் கத்தரித்தவள். வீட்டுக்காரர் பாடியில் லேத் ஓட்டினார். அந்தக் கம்பெனியை மூடிய பிறகு ஆவடியில் ஒரு அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார். இந்த இரண்டு சம்பளத்தில் அரை கிரவுண்டு வாங்கி, வீடு கட்டி, ஒரே பெண்ணைப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்தோம். தாராளமாக இருந்திருந்தால் இன்னும் வாடகை வீட்டில்தான் இருந்திருப்போம்.

பெண்ணையும் அப்படித்தான் வளர்த்தேன். பால் கவரைக் கழுவிக் கவிழ்த்து வைக்காமல் அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. பத்து வயசிலேயே கடைக்காரரிடம், "போன வாரம் ரெண்டு ரூபா கம்மியா குடுத்தீங்களே" என்று கேட்டுவிட்டு வருவாள். எனக்குப் பெருமையாக இருக்கும். வெளியில் காட்டிக்கொள்ள மாட்டேன்.

ஆனால் எவ்வளவு சாமர்த்தியமாக வாங்கினாலும் ரேஷனை அடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. அரிசி இலவசம். சர்க்கரை, பருப்பு, பாமாயில் எல்லாம் வெளியில் விற்கிற விலையில் ஒரு ஓரத்துக்குத்தான் வரும். ரேஷன் அரிசியா என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் எங்கள் வீட்டில் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு, எந்தக் கடை அரிசி என்று விசாரித்திருக்கிறார்கள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். சொன்னால் அடுத்த மாசம் எனக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள்.

ரேஷன் கடையில் கைரேகை மிஷின் வைத்த பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. கார்டில் பேர் உள்ள யாராவது ஒருவர் விரலை வைக்க வேண்டும். வைத்தால்தான் பில் வரும். குடும்பத் தலைவி என்று கார்டில் என் போட்டோதான் இருக்கிறது. என் விரலைத்தான் மிஷினுக்குப் பிடிக்கவில்லை. கத்தரி பிடித்ததிலும் பாத்திரம் தேய்த்ததிலும் ரேகை தேய்ந்து போயிருந்தது. கட்டை விரலைப் புடவையில் துடைத்து வைப்பேன், தலையில் தடவி எண்ணெய்ப் பிசுக்கோடு வைப்பேன், ஊதி ஊதி வைப்பேன். பின்னால் நிற்கிறவர்கள், "சீக்கிரம்மா, வெயிலு" என்பார்கள். "உன் வெரலா கீது இது? இரு" என்று நானும் சத்தம் போடுவேன். லேத் பிடித்துத் தேய்ந்த வீட்டுக்காரர் விரலையும் அது எடுக்காது. கடைசியில் என் பெண் வந்து கட்டை விரலை லேசாக வைப்பாள். பீப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பில் வந்துவிடும்.

அவளைக் கல்யாணம் செய்து அயனம்பாக்கத்தில் கொடுத்தோம். சம்பந்தி வீட்டுக்காரர்கள் அந்த ஊரின் பழைய குடும்பம், நிலத்தைக் கொஞ்சம் விற்று மாடி எடுத்து வீடு கட்டியவர்கள். கீழே அவர்கள், மாடியில் பெண்ணும் மாப்பிள்ளையும் தனிச் சமையல். நல்ல மனிதர்கள்தான். சம்பந்தியம்மா பேச்சில் மட்டும் கொஞ்சம் காரம் உண்டு. எனக்கும் உண்டு என்பதால் நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் பேர் எங்கள் கார்டிலேயே இருந்தது. மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை உண்டு, அவளுக்கும் அன்றைக்கு வேலை கிடையாது. காலையில் அம்பத்தூரில் ரயில் ஏறி வந்துவிடுவாள். கடையில் விரலை வைப்பாள். மூட்டையின் ஒரு காதை அவள் பிடிப்பாள், இன்னொரு காதை நான் பிடிப்பேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, ஃபேனுக்கு நேர் கீழே பாயைப் போட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். ஐந்து மணிக்கு எழுந்து இட்லி மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு போவாள்.

அன்றைக்கு வஞ்சிரம் வாங்குவேன். நான் வாழ்க்கையில் வஞ்சிரம் வாங்குகிற ஆள் இல்லை. நெத்திலி, மத்தி, மிஞ்சிப் போனால் சங்கரா. ஆனால் அவளுக்கு வஞ்சிரம் பிடிக்கும். அரைக் கிலோ வாங்கி, நாலு துண்டு வறுத்து, மீதியைக் குழம்பு வைப்பேன்.

வீட்டுக்காரர் ஒரு நாள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சும்மா குடுக்குற அரிசிய வாங்கறதுக்கு இந்த மீனு. மீனு காசுக்குக் கடையிலயே பத்து கிலோ அரிசி வந்துரும். உன் கணக்கு இன்னான்னே எனக்குப் புரியல."

"வாய மூடிகினு முள்ளப் பாத்துத் துண்ணு" என்றேன்.

இப்படி ஒரு வருஷம் போனது. அப்புறம் ஒரு புதன்கிழமை, பாமாயில் வந்துவிட்டதா என்று கேட்க ரேஷன் கடைக்குப் போனேன். பில் போடுகிறவர் மேஜைமேல் ஒரு புது மிஷினைக் காட்டினார். "கண்ணைக் காட்டினா போதும்மா. இனிமே பொண்ண அங்கேர்ந்து அலைய உட வேணாம்" என்றார். நல்ல மனுஷன், உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"எனக்குக் கண்ணு நோவுது" என்றேன்.

"சரியானதும் காட்டுங்க."

"பொண்ணுகிட்ட இதச் சொல்லாதீங்க."

அவர் சரி என்று தலையாட்டினார். அவருக்கும் பெண் இருக்கலாம், நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு மாசமாக எனக்குக் கண்நோவு. முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

அவள்தான் ஒரு நாள் பேச்சை எடுத்தாள். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் தனி கார்டு போட வேண்டுமாம். கார்டு இருந்தால்தான் அவள் பேரில் கேஸ் கனெக்‌ஷன் தருவோம் என்கிறார்களாம். அதுவரை சின்ன சிலிண்டரை அநியாய விலைக்கு வெளியில் நிரப்பிக்கொண்டிருந்தாள். அரிசி, பருப்பு எல்லாமே கடை விலை. கேட்ட ஒரே வாரத்தில் மாப்பிள்ளையின் பேரை அவருடைய அம்மா தங்கள் கார்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். என் கார்டிலிருந்து இவள் பேரை எடுப்பது மட்டும்தான் பாக்கி.

"எடுக்கலாம், இன்னா அவசரம்?" என்றேன். அடுத்த மாசமும் அதையேதான் சொன்னேன். அதற்கடுத்த மாசம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னிக்குப் போறோம்மா" என்றாள்.

ஸ்டேஷன் பக்கத்தில் இ-சேவை போர்டு மாட்டிய ஒரு ஜெராக்ஸ் கடை, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். கார்டு நம்பரை அடித்தாள். "ஆன்ட்டி, உங்க நம்பருக்கு ஓடிபி வரும், சொல்லுங்க" என்றாள்.

என் கையில் போன் ஒரு தடவை உதறியது. பார்த்தேன். ஆறு எண், பளிச்சென்று தெரிந்தது. கண்நோவுக்காரிக்கே தெரிந்தது.

"வரல" என்றேன்.

மறுபடியும் அனுப்பினாள். போன் மறுபடியும் உதறியது. "வரலியேம்மா." மூன்றாவது தடவை அனுப்பினாள். மூன்றாவது தடவையும் வரவில்லை என்றேன். "டவர் இல்லியோ ஆன்ட்டி?" என்றாள் அந்தப் பெண். "இந்த ஏரிப் பக்கமே டவர் எடுக்காது" என்றேன். என் பெண் தன் போனைத் திருப்பிப் பார்த்தாள். அதில் டவர் முழுசாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். பாதிச் சாப்பாட்டில், "மெசேஜ் நெறஞ்சி போயிருக்கும், அதான் வர மாட்டேங்குது. குடு, பழசெல்லாம் அழிக்கிறேன்" என்று இடது கையால் என் போனை எடுத்தாள். எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணும் வந்து கீதும்மா" என்றாள்.

வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டார். தைரியசாலி.

"என் மாமியாரு இன்னா சொன்னாங்க தெரியுமா? 'உங்கம்மா நாலு கிலோ அரிசிக்கோசரம் உன் பேரைப் புடிச்சி வெச்சிகினு கீறாங்க'ன்னாங்க. நான் அவங்ககிட்ட சண்ட போட்டேன். எங்கம்மா சிக்கனம்தான், ஆனா என் விஷயத்துல அப்படி இல்லன்னேன். ரெண்டு நாளு அவங்ககிட்ட பேசல. உனக்கோசரம்மா."

மூன்று பேர் என்றால் இருபது கிலோ. இரண்டு பேர் என்றால் பதினாறு. சர்க்கரையில் அரைக் கிலோ குறையும். இந்தக் கணக்கு தெருவில் எல்லோருக்கும் தெரியும், சம்பந்திக்கும் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடியே, பேர் போய்விட்டால் விரல் வைக்க நீ வர வேண்டியதில்லை, நீ வர வேண்டியதில்லை என்றால் எனக்கு மாசத்தில் முப்பது நாளும் ஒரே நாள்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு முதலில் வருவது எப்போதும் கோபம்தான். சம்பந்தி என்னைப் பற்றிப் பேசினாளா என்று அது எங்கேயோ ஓடிவிட்டது.

"ஆமாண்டி" என்றேன். "நாலு கிலோ அரிசி, அரைக் கிலோ சர்க்கரை. மாசா மாசம். உன் மாமியா வந்து குடுப்பாளா?"

அவள் தட்டில் இன்னும் ஒரு துண்டு மீன் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவினாள். இரண்டு மணி ரயிலுக்கே கிளம்பிவிட்டாள். மாவு டப்பாவையும் எடுத்துப் போகவில்லை.

அவள் போன பிறகு வீட்டுக்காரர் வெளியே வந்தார். "அரிசிக்குத்தான்னே சொல்லிட்டியா?"

"ஆமா."

"லூசாடி நீ?"

"ஆமா" என்றேன். அந்த மீன் துண்டை நான்தான் சாப்பிட்டேன். வீணாக்க முடியாது.

ராத்திரியெல்லாம் சம்பந்தியைத் திட்டிக்கொண்டிருந்தேன். விடியும்போது திட்ட வேண்டிய ஆள் சம்பந்தி இல்லை என்று தெரிந்துவிட்டது. என் பெண் எனக்காக மாமியாருடன் சண்டை போட்டிருக்கிறாள். மாமியார் சொன்னதுதான் சரி என்று நானே என் வாயால் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவள் இப்போது எந்த முகத்தோடு கீழ் வீட்டைத் தாண்டி மாடி ஏறியிருப்பாள்? நாலு கிலோவை நான் பிடித்து வைத்ததில், என் பெண் மாசம் முழுக்கக் கடை விலைக்கு அரிசி வாங்கிக்கொண்டிருந்தாள். ஷாம்பூவில் மில்லிக் கணக்குப் பார்க்கிற எனக்கு இந்தக் கணக்கு ஒரு வருஷத்துக்கு மேல் தெரியவில்லை.

காலையில் கடை திறந்ததும் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டேன். அத்தாட்சிக்குக் கல்யாணப் பத்திரிகை ஒன்று வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள் அந்தக் கம்ப்யூட்டர் பெண். மிச்சம் விழுந்த பத்திரிகைகளின் பின்பக்கத்தில்தான் நான் சாமான் லிஸ்ட் எழுதுவது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதிலும் உளுந்து, கடுகு, பினாயில் என்று எழுதி அடித்திருந்தேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்தாள்.

"ஆன்ட்டி, பேர் நீக்கறதுக்குக் காரணம் இன்னா போடறது? இறப்பா, திருமணமா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "இன்னாடி பேசற? பத்திரிகைய கையில வெச்சிகினே இறப்பான்னு கேக்கற? உன் வாயில..." என்று கத்திவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் பயந்து போய், "ஸ்கிரீன்ல இருக்கறதத்தான் ஆன்ட்டி படிச்சேன்" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். "திருமணம்னு போடுமா" என்றேன். போன் உதறியது. ஆறு எண்ணையும் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். நிறுத்தியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

நாலைந்து நாளில், நீக்கிவிட்டோம் என்று மெசேஜ் வந்தது. வீட்டுக்காரர் பெண்ணுக்குப் போன் செய்து, "உங்கம்மா பேர எடுத்துட்டா" என்று சொன்னார். "சரிப்பா" என்றாளாம். அதற்கப்புறம் எனக்குப் போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. கார்டுக்கு எழுதிப் போட்டாயிற்று, சீக்கிரம் வந்துவிடும் என்று அவரிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடையில் கண்ணைக் காட்டினேன். ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது. "நோவு போயிருச்சாம்மா?" என்றார் பில் போடுகிறவர். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். பதினாறு கிலோவைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்தேன்.

வீட்டில் பார்த்தால் வீட்டுக்காரர் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். அரைக் கிலோ. விலை கூடக் கேட்காமல் வாங்கியிருப்பார் என்று பார்த்தாலே தெரிந்தது.

"அவ வரல" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சா எதுக்கு வாங்கின?"

"பழக்கம்" என்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

குழம்பு வைத்தேன். வறுத்தேன். வைத்துவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு எவர்சில்வர் தூக்கைக் கழுவித் துடைத்து, குழம்பை அதில் ஊற்றி, வறுத்ததை மேல் தட்டில் அடுக்கி, அப்படியே நைந்த புடவையோடு ஸ்டேஷனுக்குப் போனேன். ரயிலில் உட்கார்ந்து காரணம் தேடினேன். புளி கொடுக்க வந்தேன் என்று சொல்லலாம், புளி எடுத்து வரவில்லை. இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்று சொல்லலாம், எனக்கு அந்தப் பக்கம் என்ன வேலை? அம்பத்தூர் வந்துவிட்டது, காரணம் வரவில்லை.

கீழ் வீட்டில் சம்பந்தியம்மா, "வாங்க வாங்க" என்றார். "இதோ வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே மாடி ஏறினேன். பெண் கதவைத் திறந்தாள். முதலில் என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் தூக்கைப் பார்த்தாள்.

"இன்னாம்மா? அப்பாவுக்கு எதுனா...?"

"அப்பா நல்லாத்தான் கீறாரு."

"பின்ன இன்னா விஷயம்?"

"ஒண்ணும் இல்ல."

அவள் கையை நீட்டித் தூக்கை வாங்கினாள். சூடு இன்னும் இருந்தது. அடிப்பக்கம் தொட்டுப் பார்த்தாள். "இவ்ளோ சூடா கீது. ஸ்டேஷன்லேர்ந்து எதுல வந்த?"

"ஆட்டோல."

"ஆட்டோவா?" என்றாள். "எவ்ளோ?"

"நூத்தியெண்பது."

"நூத்தியெண்பதா? பேரம் பேசலியா நீ?"

"பேசல. அவன் சொன்னான், ஏறி உக்காந்துட்டேன்."

என் பெண் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கீழே சம்பந்தி காதில் விழுமே என்று கூடப் பார்க்கவில்லை. "அரிசிக்குத்தான்னு ஏம்மா சொன்ன?" என்றாள்.

"அரிசி இல்லன்னா நீ எதுக்குடி வரப் போற?" என்றேன்.

ஓங்கி என் முழங்காலில் ஒரு அடி வைத்தாள். நன்றாகவே வலித்தது.